ட்ரீனாவின் பசு டல்ப் தின்ற நாள்

என் பக்கத்து வீட்டு ட்ரீனா லிங்க்ஸ் யாருக்கும் இரக்கப்பட்டு நான் பார்த்ததில்லை. புருஷன் கிளாஸைப் புதைத்த அன்றும் வந்தவர்களுக்கு ஆட்டுக்கறி அடிபிடிக்காமல் ஆக்கிப்போட்டவள். பள்ளிக்கூடச் சமையற்கட்டில் இருபது வருஷம் பானை தேய்த்தாள். வேலையை விட்டபோது கைக்கு வந்ததையெல்லாம் போட்டு, ஆற்றோரத்து ஊரிலிருந்து ஒரு சினைப்பசு வாங்கினாள். அது போனால் மறுபடி யார் வீட்டுப் பானையையாவது தேய்க்க வேண்டியதுதான்.

எங்கள் காமீஸ் மலையில் மழை விழுந்தால் புல்லுக்கு முன்னால் தலைநீட்டுவது டல்ப் பூண்டு. நீள இலை, மஞ்சள் பூ, அடியில் சின்னக் கிழங்கு. பிடுங்கினால் கிழங்கு மண்ணிலேயே தங்கிவிடும், அடுத்த வருஷம் பத்தாக வரும். இங்கே பிறந்த மாடு அதில் வாய் வைக்காது. வெளியூர் மாடு தின்றுவிட்டுச் சாகும். அதனால் புது மாட்டை மேய விடும் முன், பச்சை டல்ப்பைத் தகரத்தில் புகைத்து அதன் மூக்கில் காட்டுவோம். புகை நன்றாக ஏறினால் பிறகு அந்த வாடைக்கே மாடு விலகிப் போகும்.

ட்ரீனாவின் பசுவுக்கும் காட்டினோம். கொம்பைப் பிடித்தது நான். இரண்டு இழுப்பிலேயே அது இருமிக் கதறியது. ட்ரீனா தகரத்தைக் காலால் தள்ளிவிட்டாள்.

"பத்தாதுடி ட்ரீனா."

"வயித்துல கன்னு இருக்கு லெனா. போதும், விடு."

நானும் விட்டேன். என் மேலும் தப்புதான்.

நாலாம் நாள் காலை, ஓடைக்கு மேலே பசு பின்னங்கால் மடங்கிக் கிடந்தது. வாயோரம் மஞ்சள் இதழ். ட்ரீனா கழுத்துக் கயிற்றைப் பாறையில் ஒரு சுற்றுச் சுற்றி, நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். டல்ப் தின்ற மாட்டை நடத்தக் கூடாது, தண்ணீர் காட்டக் கூடாது. நெஞ்சு தாங்காது.

அவள் கொழுந்தன் ஆப்ராம் தடியும் வாளியுமாக வந்தான்.

"அண்ணி, எழுப்புங்க. பட்டிக்கு ஓட்டிட்டுப் போயிடலாம்."

"ஓட்டினா வழியிலயே விழுந்துடும்."

"அப்ப இப்படியே பாத்துக்கிட்டு இருக்கப் போறீங்களா? தண்ணியாவது குடுங்க, நாக்கு தள்ளுது பாருங்க."

"அந்த வாளிய எடுத்துட்டுப் போ."

"பானை தேச்சவங்களுக்கு மாட்டைப் பத்தி என்ன தெரியும்?"

"உங்க அண்ணனையே இருபத்தெட்டு வருஷம் மேய்ச்சிருக்கேன். தள்ளி நில்லுப்பா."

சிரிப்பு வந்தது எனக்கு, அடக்கிக்கொண்டேன். பசுவுக்கு ஓடைச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. தலையைத் தூக்கி அந்தப் பக்கம் இழுக்கும். கயிறு ட்ரீனாவின் உள்ளங்கையை அறுத்தது. நான் என் போர்வையை இரண்டு புதருக்கு நடுவே கட்டி ஓடையை மறைத்தேன். மத்தியானம் அதன் வயிறு கல்லாக உப்பி, உடம்பெல்லாம் நடுங்கியது. விலாவில் காதை வைத்துக் கேட்டேன். நாலு துடிப்பு, பிறகு ஒன்றுமே இல்லை, பிறகு ஒன்று. ட்ரீனா என் முகத்தையே பார்த்தாள்.

"இருக்கா?"

"இருக்கு."

ஆப்ராம் பொறுக்க மாட்டாமல் வாலைப் பிடித்துத் தூக்கப் போனான். ட்ரீனா எழுந்திருக்கக்கூட இல்லை. "அதைத் தொட்டே, கிளாஸ் தம்பின்னு பாக்க மாட்டேன்" என்றாள், மெதுவாக. அவன் கையை எடுத்துவிட்டு, நாலடி தள்ளிக் குந்தினான். வாளித் தண்ணீரை அவனே குடித்தான்.

வெயில் மலைக்குப் பின்னால் இறங்கியபோது பசு நீளமாக ஒரு ஏப்பம் விட்டது. தாடை அசைந்தது. நின்றது. மறுபடி அசைந்தது. அசைபோடுகிறது. அசைபோடத் தொடங்கிய மாடு அநேகமாகப் பிழைத்துக்கொள்ளும். நான் திரும்பவும் காதை வைத்தேன். துடிப்பு ஒழுங்காக வந்தது.

ட்ரீனா அழுவாள் என்று நினைத்தேன். கயிற்று நுனியை ஆப்ராமிடம் நீட்டினாள்.

"பிடி. விட்டே, தொலைச்சுடுவேன். காலையிலேருந்து அடக்கி வச்சிருக்கேன், அந்தப் பாறைக்குப் பின்னாடி போயிட்டு வரேன்."

ரத்தம் படிந்த கயிற்றை அவன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். அவள் திரும்பி வரும் வரை அசையவே இல்லை.