பாதி பிஸ்தா, பாதி ரோஸ்

"என்ன வே, இது என்ன கலருன்னு உமக்குத் தெரியுதா?"

பெருமாள்புரத்து வீட்டுக்கார அண்ணாச்சி ஹால் சுவரைக் காட்டிக் கேட்டதும் ரோலரைக் கீழே வைத்துவிட்டேன். இத்தனை வருட பெயின்டர் பிழைப்பில் நான் பயந்த கேள்வி அது ஒன்றுதான்.

எனக்குச் சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியாது. பிறவியிலேயே அப்படி. பட்டி பார்ப்பதிலும் ரோலர் ஓட்டுவதிலும் என்னைக் குறை சொல்ல ஆள் கிடையாது. கலர் கலக்குவது மட்டும், என்னோடு வேலைக்கு வரும் என் மனைவி செல்வி. வெளியே தெரியாமல் வண்டி ஓடியது.

அன்று அவள் களக்காட்டுக்கு ஒரு சடங்கு வீட்டுக்குப் போயிருந்தாள். பாதிச் சுவரிலேயே பெயின்ட் தீர்ந்தது. வெள்ளையில் பச்சை ஸ்டெய்னர் சாயம் கொஞ்சம் விட்டால் பிஸ்தா கலர்தானே என்று முந்திரிக்கொட்டை மாதிரி நானே கலக்கினேன். பாட்டில் மேல் பெயின்ட் வழிந்து பெயர் மறைந்திருந்தது.

"பாதி பிஸ்தா, பாதி ரோஸ்! சாயங்காலம் சொந்தக்காரங்க வாராவ. கண்ணு தெரியாதா உமக்கு?" என்று கத்தினார் அண்ணாச்சி.

இனி மறைத்துப் பயனில்லை. "செவப்பும் பச்சையும் எனக்கு ஒண்ணுபோலத்தான் தெரியும், அண்ணாச்சி. திரும்ப அடிச்சுத் தாரேன். வெளிய சொல்லிராதீங்க, பொழப்பு போயிரும்."

ஏசுவார் என்று நின்றேன். அவர் மாடியைப் பார்த்துக் கூப்பிட்டார். "ஏலே பிரபு, இங்கன வா."

மகன் இறங்கி வந்தான். ரயில் ஓட்டும் வேலைக்குத் தேர்வாகி, கண் பரிசோதனையில் கழிக்கப்பட்டவன். அதிலிருந்து அப்பனும் மகனும் பேசுவதில்லை என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"இந்தச் சொவத்துல என்ன தப்புன்னு சொல்லு."

பிரபு கிட்டப் போய்ப் பார்த்தான். தள்ளி நின்றும் பார்த்தான். "நல்லாத்தானப்பா அடிச்சிருக்காவ."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எனக்கும் அப்படித்தான் தம்பி தெரியுது."

"அண்ணே, நீங்க பெயின்டருல்லா?"

"ஆமா. வீட்டுக்காரி கலக்குவா, நான் அடிப்பேன்."

அவனும் சிரித்துவிட்டான். அண்ணாச்சி துண்டால் முகத்தைத் துடைத்தார். "நெசமாவே தெரியாதாலே உனக்கு? டெஸ்ட்டுல நீ அசட்டையா இருந்துட்டன்னுல்லா ஏசிட்டேன்."

சாயங்காலம் என்னையும் சாப்பிட்டுப் போகச் சொன்னார். பந்தியில் ஒரு மாமா, சுவர் ஏன் இப்படி என்று ஆரம்பித்தார். "எம் மவனுக்குப் புடிச்ச கலரு வே. பேசாம சாப்பிடும்" என்றார் அண்ணாச்சி.

மறுநாள் செல்வி கலக்கித் தந்து சுவரைச் சரிசெய்தோம். பிரபுவும் ஒரு ரோலரை எடுத்துக்கொண்டான்.

இப்போதெல்லாம் வேலை பேசும்போதே என் கண்ணைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சிலர் வேண்டாம் என்று போய்விடுகிறார்கள், வருத்தம்தான். ஆனால் என்ன கலர் என்று யாராவது கேட்டால் பயப்படுவதில்லை. "செல்விகிட்ட கேளுங்க" என்று சொல்லிவிட்டு ரோலரை ஓட்டுகிறேன்.