மூணு வாரம் தாங்கும்

பல் டாக்டர் பிலியானாவுக்கு மனுஷ வாய் என்றாலே குமட்டும். இருபத்திரண்டு வருஷமாக அதற்குள்ளேயே தலையை விட்டுப் பிழைக்கிறவளுக்கு இப்படி ஒரு வியாதி. எங்கள் கப்ரோவோ ஊர் ஆட்கள் காலையில் பூண்டும் வினிகரும் ஊற்றின குடல் சூப்பை ஒரு கிண்ணம் குடித்துவிட்டு, நேரே அவள் நாற்காலியில் வந்து சாய்ந்து "ஆ" என்பார்கள். இரண்டு முகமூடி போட்டாலும் அந்த வாடை மூன்றாவதாக வந்து உட்காரும்.

அந்த வாய்களை மறக்கத்தான் கார் வாங்கினாள். நீல நிறம், இரண்டே கதவு, ஜப்பான்காரன் செய்தது, டர்போ வைத்தது. வீணாய்ப் போகிற புகை ஒரு விசிறியைச் சுற்றும். அந்த விசிறி காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கும். தின்னத் தின்ன ஓடுகிற ஜாதி. ஆனால் அவள் கார் எதையும் தின்றதாகத் தெரியவில்லை. போன வருஷம் ஊர்க் கார் கிளப்பின் மலையேற்றப் பந்தயத்தில் இருபத்தோரு கார். பிலியானா இருபதாவது. இருபத்தொன்றாவது பஞ்சராகி, ஆட்கள் தள்ளிக்கொண்டு வந்தது.

கிளப் தலைவர், மெக்கானிக், நேரம் குறிக்கிறவர் எல்லாமே மித்யோதான். சூரியகாந்தி விதையை இடது கடைவாயில் மட்டும் கொறித்து, தோலைத் துப்பிக்கொண்டே சொன்னார்: "டாக்டரம்மா, மனசுல வச்சுக்காதீங்க. இந்தத் தடவை பதினஞ்சுக்குள்ள வரலைன்னா உங்களைக் குடும்பப் பிரிவுக்கு மாத்திடுவோம்."

குடும்பப் பிரிவு என்றால் கார் மூக்கில் பலூன் கட்டி, பின்சீட்டில் யாராவது பனீத்சா என்கிற பாலாடைக்கட்டி அப்பத்தைப் பிய்த்துத் தின்றுகொண்டு, வேடிக்கை பார்த்தபடி ஏறுவது.

"வேற வழியே இல்லையா, மித்யோ அண்ணே?"

"ஏன் இல்ல? எழுதிக்குங்க."

எழுதினாள். சத்தமான சைலன்சர் மூன்று வருஷம் முன்பே மாட்டியாயிற்று. அவள் கிளம்பினால் தெருவே சிலுவை போட்டுக்கொள்ளும். இனி பெரிய டர்போ. பெரிய டர்போவுக்குப் பெட்ரோல் பத்தாது, அதனால் பெரிய பம்ப், பெரிய இன்ஜெக்டர். காற்று சூடாகும், அதனால் பெரிய இன்டர்கூலர். அந்த அடியை பிஸ்டன் தாங்காது, புது பிஸ்டன். கிளட்ச் வழுக்கும், புது கிளட்ச். இத்தனையும் ஓடினால் நிற்க வேண்டாமா? பிரேக். இப்படியே பதினொரு வரி. ஒரு பல் வலிக்கிறது என்று வந்தவனுக்கு முப்பத்திரண்டையும் பிடுங்கிக் கட்டுப்பல் வைக்கிற கதை. அருவருப்பாகத்தான் இருந்தது. ஆனாலும் ஆசை யாரை விட்டது? ராத்திரி பகல் பாராமல் அதையே திருத்தித் திருத்தி எழுதி, கிளினிக்கில் எக்ஸ்ரே பார்க்கிற விளக்குப் பெட்டியில் செருகி வைத்தாள்.

"இது யாரோட எக்ஸ்ரே டாக்டர்?" என்றாள் உதவியாளர் வெஸ்கா. "ஆள் பிழைக்க மாட்டான் போலிருக்கே."

திங்கட்கிழமை எஞ்சினை மித்யோவிடம் கொடுத்துப் பிரிப்பதாக ஏற்பாடு. அதற்கு முன் வெள்ளிக்கிழமை வருஷாந்தரப் பரிசோதனை. சத்தமான சைலன்சரோடு போனால் முத்திரை விழாது. ஊரே செய்வதுபோல் அவளும் பழைய சாதுவான சைலன்சரை மாட்டிக்கொண்டு போனாள். முத்திரை விழுந்தது. திரும்பும்போது மலைப்பாதையில் கண்ணாடியை இறக்கி, மூன்றாவது கியரில் அழுத்தினாள்.

ஸ்ஸ்ஸ்ஸ்.

முதுகு விறைத்தது. பல் குடைகிற அவளுடைய கருவியும் காற்றில் சுழல்கிற விசிறிதான். அதன் வாஷர் தேய்ந்து காற்று ஒழுகினால் இதே சத்தம். நோயாளி அலறட்டும், ரேடியோ பாடட்டும், இந்தச் சத்தம் மட்டும் அவள் காதுக்குத் தப்பாது. மூன்று வருஷமாக அந்தச் சத்தமான சைலன்சர்தான் தன் இரைச்சலில் இதை அமுக்கி வைத்திருந்தது.

சனிக்கிழமை காலையில் கிளினிக்கின் கம்ப்ரெஸர் குழாயை ஜன்னல் வழியாக கராஜுக்கு இழுத்தாள். எஞ்சின் காற்று இழுக்கிற வாயில் குழாயைச் செருகி, சுற்றி இருந்த இடைவெளியைப் பல் அச்சு எடுக்கிற பச்சை மாவால் அடைத்தாள்.

"டாக்டர், திங்கக்கிழமை மூணு பேருக்கு அச்சு எடுக்க இந்த மாவு வேணும்!"

"பிடி வெஸ்கா. இந்த வாய் குடல் சூப் குடிக்கலைன்னு சந்தோஷப்படு."

காற்றைத் திறந்து, சோப்பு நுரையைக் குழாய்களின் மேல் பூசினாள். இன்டர்கூலருக்குக் கீழே ஒரு வளைவில் நுரை கொப்புளமாகப் பொங்கியது. கழற்றினால், வெடித்த ரப்பர் குழாய். அதைச் சுற்றி பியர் டப்பாவிலிருந்து வெட்டின ஒரு தகரத்துண்டு, கறுப்பு டேப், நாலு வருஷத்து எண்ணெய், ரோட்டுச் சேறு, செத்த குளவி ஒன்று. எந்த வாயிலும் அவள் இதைவிட அசிங்கத்தைப் பார்த்ததில்லை. டேப்பின் ஓரத்தில் ஒரு சூரியகாந்தித் தோல் ஒட்டியிருந்தது.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. நாலு வருஷம் முன்னால், அக்டோபரில், வழியில் குழாய் வெடித்தபோது மித்யோதான் வந்து பார்த்தார். "வீடு போய்ச் சேருங்க. மூணு வாரம் தாங்கும். புதுசு வந்ததும் மாத்திடலாம்" என்றார். பிறகு அவரும் மறந்தார், இவளும் மறந்தாள்.

அன்று மத்தியானமே மித்யோ வந்தார், வலது கன்னம் பன் மாதிரி வீங்கி. பிலியானா அவரை நாற்காலியில் உட்கார வைத்தாள். சாய்த்தாள், திறக்கச் சொன்னாள், வாய் மூடாமலிருக்கக் கவ்வியைச் செருகினாள். பிறகு இடுக்கியில் அந்தத் தகரத்தைத் தூக்கி அவர் மூக்குக்கு நேரே பிடித்தாள்.

"இது யார் கைவேலை?"

"ஆ... ஆ..."

"பதினோரு வரி எழுதச் சொன்னீங்களே, இந்த ஒண்ணைச் சொன்னீங்களா? ஓட்டைக் குழாய்க்குப் பெரிய டர்போ வச்சா, பெருசாத்தானே ஒழுகும்? என்னைப் பலூன் கட்ட வச்சுப் பார்க்கவா இத்தனையும்?"

மித்யோ தலையைப் பக்கவாட்டில் ஆட்டினார். எங்கள் ஊரில் அதற்கு ஆமாம் என்று அர்த்தம். குற்றத்தைத்தான் ஒத்துக்கொண்டார், பலூனை அல்ல.

மரத்துப்போகிற ஊசி போடாமலே குடைந்துவிடுவது என்ற முடிவோடுதான் அவள் குனிந்தாள். கண்ணாடியில் கடைவாய்ப் பல் தெரிந்தது. உதிர்ந்துபோன சாம்பல் நிறப் பூச்சு, கிராம்பு வாசனை, அதற்குக் கீழே கறுத்த பள்ளம். தற்காலிக அடைப்பு. அவளுடைய பூச்சு.

வெஸ்கா மித்யோவின் சிகிச்சை அட்டையை எடுத்துப் படித்தாள். "நாலு வருஷம் முன்னாடி, அக்டோபர். 'மூணு வாரம் தாங்கும். வராவிட்டால் நானே கூப்பிட வேண்டும்.' உங்க கையெழுத்துதான் டாக்டர்."

"கூப்பிட்டோமா?"

"இல்ல."

வாடை, சேறு, குளவி எல்லாம் போக, இப்போது தன்மேலேயே குமட்டியது பிலியானாவுக்கு. இடுக்கியை வைத்துவிட்டு ஊசியை எடுத்தாள்.

"நல்லா மரத்துப் போகட்டும் அண்ணே. வலிச்சா கையைத் தூக்குங்க."

அன்று சாயங்காலமே பாதிக் கன்னம் மரத்துத் தொங்க, எச்சில் ஒழுக, மித்யோ வந்து புதுக் குழாயைத் தானே மாட்டினார். யாரும் யாரையும் மன்னிக்கவில்லை. வெஸ்கா மட்டும் தரையைத் துடைத்தாள்.

இரண்டு வாரம் கழித்து, சாதுவான சைலன்சரோடும் பழைய டர்போவோடும் பிலியானா மலை ஏறினாள். உச்சியில் மித்யோ நேரம் பார்க்கிற கடிகாரத்தை இரண்டு தடவை தட்டிப் பார்த்தார்.

"பதிமூணாவது. குடும்பப் பிரிவு இல்ல, போங்க." இப்போது இரண்டு கடைவாயிலும் விதை கொறித்தார். "ஆனா டாக்டரம்மா, அடுத்த வருஷத்துக்கு அந்தப் பெரிய டர்போ மட்டுமாவது..."

"அண்ணே, வாயைத் திறங்க."

பட்டென்று மூடிக்கொண்டார்.