நான்கு நாள் பேசாத போன்

எங்கள் கம்பெனியில் அப்போது ஒரே ஒரு மொபைல் போன்தான் இருந்தது. சட்டைப் பையில் போட்டால் சட்டை ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு நிற்கும். வெளியூர் போகிறவர் யாரோ அவர் கையில் அதைக் கொடுத்தனுப்புவோம். திரும்பி வந்ததும் அது என் மேஜைக்கு வந்துவிடும். தொண்ணூறுகளின் கடைசி அது. ஓசூர் தொழிற்பேட்டையில் வண்டிகளுக்கு கியர் செய்யும் தொழிற்சாலையில் நான் டெலிபோன் ஆபரேட்டர்.

அந்த வருஷம் இத்தாலியிலிருந்து கியர் பல்லைத் தேய்த்துச் சீராக்கும் ஒரு கிரைண்டிங் மெஷின் வாங்குவதாக இருந்தது. கப்பலில் ஏற்றுவதற்கு முன்னால் அதை ஓட்டிப் பார்த்துவிட்டு வர பர்ச்சேஸ் ஆபீசரை அனுப்பினார்கள். முப்பத்தைந்து வயதிருக்கும், அதிர்ந்து பேசாத மனிதர். வெளிநாட்டிலும் பேசுகிற மாதிரி ஏற்பாடு செய்து மொபைலை அவரிடம் கொடுத்தோம். திங்கட்கிழமை அங்கே போய்ச் சேர்ந்தார். செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஜெனரல் மேனேஜர் அவருக்கு லைன் கேட்டார். போட்டேன். தொடர்பு கொள்ள முடியவில்லை என்று ஒரு பெண் குரல் சொன்னது. சாயங்காலம் வரை ஏழெட்டு முறை போட்டிருப்பேன். அதே குரல்.

"ஆஃப் பண்ணி வெச்சிருக்கானா?" என்றார் ஜி.எம்.

"தெரியல சார். டவர் இல்லாம இருக்கலாம்."

"இத்தாலில டவர் இல்லையாம்மா? நம்ம சூளகிரில இல்லன்னு சொல்லு, ஒத்துக்கறேன்."

அவர் சந்தேகப்படுவதற்குக் காரணம் இருந்தது. அந்த வேலையில் முன்பு இருந்தவர், மெஷின் விற்றவர்களிடம் கமிஷன் வாங்கிக்கொண்டு ஒரு ஓட்டை மெஷினைக் கம்பெனி தலையில் கட்டிவிட்டுப் போயிருந்தார். அதிலிருந்து யார் மெஷின் பார்க்கப் போனாலும் ஜி.எம்முக்குத் தூக்கம் கிடையாது.

புதன்கிழமை ஒரு ஃபேக்ஸ் வந்தது. மொபைலில் நெட்வொர்க் இல்லை என்று வருகிறது, சோதனை நடந்துகொண்டிருக்கிறது, அவசரமென்றால் ஹோட்டலுக்கு ஃபேக்ஸ் அனுப்பவும். மூன்றே வரி. ஜி.எம். அதை இரண்டு தடவை படித்தார்.

"ஃபேக்ஸ் எதுக்கு அனுப்பறான் தெரியுதா? ஃபேக்ஸை யாரும் குறுக்குக் கேள்வி கேக்க முடியாது."

மொபைல் கம்பெனிக்குப் பேசினேன். எல்லா வசதியும் திறந்துதான் இருக்கிறது, எங்கள் பக்கம் கோளாறே இல்லை, முதலில் போனை ஆன் செய்யச் சொல்லுங்கள் என்று அங்கே இருந்தவர் சொன்னார். அதை அப்படியே ஜி.எம்மிடம் சொன்னேன். ஹோட்டலுக்குப் போட்டேன். எடுத்தவர் மடமடவென்று அவர் பாஷையில் பேசினார். அதில் 'நோ நோ' மட்டும் எனக்குப் புரிந்தது. மெஷின் செய்கிற தொழிற்சாலைக்கே போட்டுவிடலாமா என்று கேட்டதற்கு ஜி.எம். வேண்டாமென்றார். நம் ஆள் மேல் நமக்கே நம்பிக்கை இல்லை என்று அவர்களுக்குத் தெரிந்துவிடுமாம்.

பிறகு என்னை உட்காரச் சொன்னார். எட்டு வருஷத்தில் அந்த அறையில் நான் உட்கார்ந்தது அன்றுதான்.

"டெலிபோன் போர்டு உன் கையிலதான இருக்கு. கிளம்பறதுக்கு முன்னாடி அவனுக்கு யாராவது புதுசா போன் பண்ணாங்களா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் என்னையும் ஒரு ஆளாக மதித்துக் கேட்கிறாரே என்ற பூரிப்பு.

"பெங்களூர்ல இருந்து ஒருத்தர் சார். கன்னடத்துல கேப்பாரு. பேர் கேட்டா சொல்லமாட்டாரு. மூணு தடவ பண்ணாரு."

ஜி.எம். பேனாவை எடுத்துக் குறித்துக்கொண்டார். அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது நானே முழுக்கதையையும் கட்டிவிட்டேன். பெங்களூர்க்காரர் தரகர். நம் ஆபீசர் போனை வேண்டுமென்றே அணைத்து வைத்திருக்கிறார். இத்தனை அமைதியான மனிதர் என்றால் உள்ளுக்குள் ஏதாவது இருக்கத்தானே வேண்டும்?

வியாழக்கிழமை காலை அந்தப் பெங்களூர் ஆளே மறுபடி கூப்பிட்டார். "சார் இத்தாரா?" வெளிநாடு போயிருக்கிறார் என்றேன். "யாவாக பர்த்தாரே?" எப்போது வருவார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். "கொத்தில்லா", தெரியாது என்று சொல்லிவிட்டு, நீங்கள் யார் என்று கேட்டேன். உடனே வைத்துவிட்டார். என் கதைக்கு இன்னும் ஒரு சாட்சி கிடைத்தது.

பத்து மணி சுமாருக்கு கேட்டிலிருந்து வாட்ச்மேன் பேசினார். பர்ச்சேஸ் ஆபீசரின் மனைவி வந்திருக்கிறாராம். அவரை ஆயுதபூஜையில் பார்த்திருக்கிறேன். பேரிகை கிராமத்துப் பக்கம், தெலுங்குக் குடும்பம். ரிசப்ஷனில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, அவரு பேசுனாரா? போய் சேர்ந்தாருன்னுகூட தெரியல. பக்கத்து வூட்டு போனையே பாத்துகினு கெடக்கிறேன்."

"ஃபேக்ஸ் வந்துச்சும்மா. நல்லாத்தான் இருக்காரு."

"நெசமாவா? இல்ல, எங்கிட்ட எதையாச்சும் மறைக்கிறீங்களா?" என்று என் முகத்தையே பார்த்தார். அந்தப் பார்வையைத் தாங்க முடியவில்லை. பேச்சை மாற்றுவது போல, பெங்களூரிலிருந்து கன்னடத்தில் பேசுகிறவர் யார் என்று கேட்டேன். உண்மையில் துப்பறியத்தான் கேட்டேன்.

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "அது எங்க அண்ணன்க்கா. யாருன்னு தெரியக்கூடாதுன்னுதான் கன்னடத்துல பேசறாரு. வேற ஜாதில கல்யாணம் பண்ணிகினு போயிட்டாரு. பெத்த நாயனாவே பேச்சை விட்டுட்டாரு. இவரு மட்டுந்தான் யாருக்கும் தெரியாம பேசிகினு இருக்காரு. அண்ணிக்கு இப்ப மாசம் ஒம்பது. யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

நான் ஏற்கெனவே சொல்லியாயிற்று.

அவரை அனுப்பிவிட்டு நேராக ஜி.எம். அறைக்குப் போனேன். அந்த ஆள் மைத்துனர், தரகர் இல்லை என்றேன்.

"யாரு சொன்னா?"

"அவரோட சம்சாரம் சார்."

"பின்ன, பொண்டாட்டி வேற எப்படிச் சொல்லுவா?" என்று ஃபைலைத் திறந்துகொண்டார். போட்டுக்கொடுத்தது நான்தான். அதைத் திரும்ப எடுக்க எனக்கு வழி தெரியவில்லை.

மத்தியானம் பர்மிஷன் போட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருந்த மொபைல் கடைக்குப் போனேன். போனில் ஒன்றும் கோளாறு இல்லை என்று அவர்களும் சொன்னால், அதையும் கேட்டுவிடலாம் என்றுதான் போனேன். கடைக்காரர் நான் சொல்லி முடிக்கக்கூட விடவில்லை.

"ஓசூர்ல வெச்சிருக்கிற போனுங்களா? பெங்களூர் டவர் இழுக்குதுன்னு மேனுவல்ல போட்டு வெச்சிருப்பீங்க. அது அங்க போயும் நம்மூர் டவரையேதான் தேடிகினு இருக்கும். வேற எதையும் தொடாது."

எல்லையோரம் என்பதால் எங்கள் மேஜையிலிருந்தபடியே போன் சில சமயம் கர்நாடகா டவரைப் பிடித்துவிடும். பிடித்தால் வெளிமாநிலக் கட்டணம். அப்படி நடக்காமல் பார்த்துக்கொள் என்று அக்கவுண்ட்ஸில் சொன்னார்கள். இரண்டு மாதத்துக்கு முன்னால், இதே கடையில் கேட்டுக்கொண்டு போய், பட்டனை அழுத்தித் தமிழ்நாட்டு நெட்வொர்க்கோடு அதைப் பூட்டி வைத்தது நான். போனை அவரிடம் கொடுக்கும்போது அந்த நினைவே எனக்கு வரவில்லை.

திரும்பிப் போய் ஹோட்டலுக்கு ஃபேக்ஸ் அடித்தேன். எந்த மெனு, அதற்குள் எது, மேனுவலை எடுத்துவிட்டு ஆட்டோமேட்டிக் எப்படி வைப்பது என்று ஒவ்வொரு படியாகப் பெரிய எழுத்தில் எழுதினேன். அவர் அறைக்கு வந்து பார்க்க வேண்டும். மறுநாள் வரை காத்திருப்பதைத் தவிர வழியில்லை.

வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்கு நம்பரைப் போட்டேன். அந்தப் பெண் குரல் வரவில்லை. நீளநீளமாக, நம்மூரில் கேட்காத மாதிரி மணி அடித்தது.

"சொல்லுங்கம்மா" என்றார். "உங்க ஃபேக்ஸ் பாத்து மாத்தினேன். சிக்னல் கோடு அத்தனையும் ஏறிடுச்சு. எங்க வீட்டுக்கு ஒரு வார்த்த சொல்லிடறீங்களா?"

சொல்கிறேன் என்று ஜி.எம்முக்கு இணைப்பைக் கொடுத்தேன். அன்று நான் ஒட்டுக்கேட்கவில்லை. இருபது நிமிஷம் கழித்து ஜி.எம். வெளியே வந்தார்.

"மெஷின்ல கல்லு சுத்தற ஸ்பிண்டில் அதிருதாம். சரி பண்ணாம கையெழுத்துப் போடமாட்டேன்னு நாலு நாளா அவங்களோட மல்லுக்கட்டியிருக்கான்" என்றார், தானே போய் மல்லுக்கட்டியவர் போல. அப்புறம் என் பக்கம் திரும்பினார். "ஆமா, போனை அப்படிப் பூட்டி வெச்சது யாரு?"

"நான்தான் சார். மறந்துட்டேன்."

"வேணும்னே பண்ணலையே?"

இல்லை என்று சொல்வதற்குள் அவர் போய்விட்டார். அவர் நம்பினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அடுத்த வாரம் பர்ச்சேஸ் ஆபீசர் திரும்பி வந்தார். மொபைலையும் ஒரு சாக்லேட் டப்பாவையும் என் மேஜைமேல் வைத்தார். "நீங்க இல்லன்னா நான் அங்க அல்லாடியிருப்பேன்" என்றார். போனைப் பூட்டியது நான்தான் என்றேன். சிரித்தார். பெங்களூர் போனைப் பற்றி ஜி.எம்மிடம் சொன்னதும் நான்தான் என்றேன். சிரிப்பு மெல்ல நின்றது.

"யாருன்னும் சொன்னீங்களா?"

"அப்புறமா சொன்னேன் சார். உங்களுக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னு."

தலையை ஆட்டினார். சாக்லேட் டப்பாவைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் அதற்குப் பிறகு வீட்டு விஷயம் எதுவும் என் போர்டு வழியாக அவர் பேசவில்லை. மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கேட்டைத் தாண்டி எதிரே இருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு நடந்துபோவார். கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு, தெருவுக்கு முதுகைக் காட்டி நின்று பேசுவார். பெங்களூர் மைத்துனருக்குக் குழந்தை பிறந்ததா, ஆணா பெண்ணா என்று கேட்க வேண்டும் போல இருக்கும். எந்த முகத்தோடு கேட்பது?