பூஜ்ஜிய அளவில் இருபத்து மூன்று பெயர்கள்

கிள்ளானில் உள்ள ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் அமுதவள்ளி பதினெட்டு ஆண்டுகளாக வேலை செய்கிறார். கிளினிக்குகள் அனுப்பும் இரத்தத்தையும் திசுவையும் சோதித்து அறிக்கை கொடுக்கும் இடம் அது. அவர் முதலில் சேர்ந்தது நோயாளிகளின் பெயரையும் அடையாள அட்டை எண்ணையும் கணினியில் ஏற்றும் வேலைக்குத்தான். சர்வரைப் பார்த்துக்கொண்டிருந்தவர் ஒருநாள் சிங்கப்பூருக்குப் போய்விட்டார். வேறு ஆள் வரும்வரை நீங்களே பாருங்கள் என்று பொறுப்பை இவரிடம் கொடுத்தார்கள். வேறு ஆள் வரவேயில்லை. செந்தூலிலிருந்து கொமுட்டர் ரயிலில் வரும்போது கட்டளைகளைத் தாளில் எழுதிவைத்துப் படித்தார். இரண்டு வருடத்தில் அந்தக் கறுப்புத் திரை அவருக்குக் கைவந்துவிட்டது.

மாதக் கடைசியில் அந்த மாதத்து அறிக்கைகளை ஒரே கோப்பாகக் கட்டி, சுருக்கி, சர்வரில் ஒதுக்கிவைப்பது அவருடைய வேலைகளில் ஒன்று. அப்படிச் சுருக்கி வைத்ததை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

போன ஆகஸ்டில் ஒரு புதன்கிழமை காலை, காப்பாரிலிருந்து ஷாமினி என்ற பெண் தொலைபேசியில் அழைத்தார். பாலர் பள்ளி ஆசிரியை. அவருடைய அப்பா பக்தவத்சலம் எண்ணெய் ஆலைக்குச் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறவர். மார்ச் மாதம் அவர் கழுத்திலிருந்த கட்டியிலிருந்து கிளினிக்கில் துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். ரிப்போர்ட் வந்துவிட்டது, ஏதாவது இருந்தால் டாக்டரே கூப்பிடுவார் என்று கிளினிக்கில் சொல்ல, ஒன்றுமில்லை என்று வீட்டில் நிம்மதியாகிவிட்டார்கள். இப்போது கட்டி முட்டை அளவுக்கு வளர்ந்து, மனிதர் பாதியாக இளைத்திருந்தார்.

"நேத்து கிளினிக்குக்குப் போயி, ரிப்போர்ட்ட பிரிண்ட் பண்ணிக் கொடுங்கன்னு கேட்டேன் அக்கா. சிஸ்டத்துல வந்துருச்சுன்னுதான் காட்டுது. ஆனா திறக்கவே மாட்டேங்குது. என்னான்னு கொஞ்சம் பாருங்களேன்," என்றார் ஷாமினி.

பார்க்கிறேன் என்று சொல்லி அமுதவள்ளி மார்ச் மாதத்துக் கோப்பைத் தேடி எடுத்தார். அதைப் பிரித்துக் கொட்ட முடியாது. சர்வரின் டிஸ்க்கில் நான்கு விழுக்காடு இடம்தான் மீதி. ஒரு மாதத்து அறிக்கைகளைக் கொட்டினால் அது நிரம்பி அன்றைய வேலை நின்றுவிடும். ஆயிரக்கணக்கானவர்களின் நோய் விவரம் வெளியே கிடக்கவும் கூடாது. எனவே பிரிக்காமலே உள்ளே இருப்பதைப் பார்த்தார். tar என்ற கட்டளையோடு x சேர்த்தால் எல்லாம் பிரிந்து வெளியே வரும். t சேர்த்தால் உள்ளே என்னென்ன இருக்கிறது என்ற பட்டியல் மட்டும் திரையில் ஓடும். கோப்பின் பெயர், சேமித்த நாள், நேரம், அளவு, அவ்வளவுதான்.

பக்தவத்சலத்தின் பெயர் இருந்தது. மார்ச் பதினான்கு, பகல் பன்னிரண்டு இருபது. அளவு என்ற இடத்தில் பூஜ்ஜியம்.

கண் தவறிவிட்டதோ என்று கட்டளையை மறுபடி கொடுத்தார். திரையில் அதற்கு மேலும் கீழும் தெரிந்த வரிகளில் எல்லாம் அளவு ஐந்து ஆறு இலக்கத்தில் இருந்தது. இந்த ஒரு வரியில் மட்டும் பூஜ்ஜியம். பெயர் எழுதப்பட்டிருந்தது, உள்ளே ஓர் எழுத்துகூட இல்லை. சட்டென்று ஒரு சந்தேகம் வந்து, பூஜ்ஜிய அளவு உள்ளவற்றை மட்டும் தனியே வடித்துக் காட்டச் சொன்னார்.

இருபத்து மூன்று வரிகள் வந்தன. எல்லாம் மார்ச் பதினான்கு. முதலாவது காலை பதினொன்று நாற்பதுக்கு, கடைசியானது மூன்று மணிக்குச் சற்று முன்னால்.

சர்வரின் அன்றாடக் குறிப்புகளும் அதே மாதிரிதான் சுருக்கப்பட்டிருந்தன. அவற்றையும் பிரிக்காமலே, சுருக்கிய கோப்புக்குள் சொல்லைத் தேடும் zgrep கட்டளையைக் கொடுத்து அந்த நாளைத் தேடினார். டிஸ்க்கில் இடமில்லை, எழுத முடியவில்லை என்று சர்வர் நூற்றுக்கணக்கான முறை குறித்துவைத்திருந்தது. மூன்று பத்துக்கு அந்தக் குறிப்பு நின்றுபோயிருந்தது. அதற்கு அடுத்த வரியில் அமுதவள்ளியின் பெயரே இருந்தது. பழைய தற்காலிகக் கோப்புகளை அவர் நீக்கியிருந்தார்.

அந்த நாள் அவருக்கு நினைவுக்கு வந்தது. கணினி மெதுவாக ஓடுகிறது என்று மேலே இருந்து கூப்பிட்டார்கள். டிஸ்க் நிரம்பியிருந்ததைப் பார்த்து இடம் உண்டாக்கினார். எல்லாம் மறுபடி ஓடத் தொடங்கியதும் சரியாகிவிட்டது என்று பதிவேட்டில் எழுதிவிட்டுச் சாப்பிடப் போனார். அந்த மூன்றரை மணி நேரத்தில் போன அறிக்கைகள் முழுதாகப் போயினவா என்று அவர் பார்க்கவில்லை. வெறும் பெயரை அனுப்பிவிட்டு, அனுப்பியாயிற்று என்று குறித்துக்கொண்டது மென்பொருள். மாதக் கடைசியில் அந்த வெறும் கோப்புகளையும் சேர்த்துக் கட்டியது அவருடைய கைதான்.

கழிவறைக்குப் போய்க் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு பட்டியலை அச்சடித்து எடுத்துக்கொண்டு மேலாளர் திருச்செல்வத்திடம் போனார்.

திருச்செல்வம் கெட்டவர் அல்ல. பட்டியலைப் பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. கதவைச் சாத்தச் சொன்னார். கிளினிக் பெயர்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுப் பார்த்தார்.

"கேட்டது ஒருத்தர்தானே அமுதா. அவருக்கு உடனே கொடுத்துருவோம். மத்தவங்க இந்நேரம் வேற எடத்துல டெஸ்ட் பண்ணியிருப்பாங்க லா. நாமளே போன் பண்ணி எதுக்குப் பயமுறுத்தணும்?"

"கேக்காதவங்க ஒண்ணுமில்லன்னு நெனச்சிக்கிட்டு இருக்காங்க பாஸ். இவரும் அப்படித்தான் அஞ்சு மாசம் இருந்தாரு."

விசாரணை வந்தால் முதலில் உன் பெயர்தான் வரும் என்று அவர் சொன்னார். மிரட்டலாக இல்லை, வருத்தமாகவே சொன்னார். அது தெரியும் என்றார் அமுதவள்ளி. தாளை மேசையிலேயே விட்டுவிட்டு, திசுக்களைப் பார்க்கும் டாக்டர் நோராய்னியின் அறைக்கு நேராகப் போனார். திருச்செல்வம் தடுக்கவில்லை.

இருபத்து மூன்றில் ஆறு திசுச் சோதனைகள். திசுத் துண்டுகளை மெழுகில் பதித்து வருடக்கணக்கில் வைத்திருப்பது வழக்கம் என்பதால் டாக்டர் அன்றே ஆறையும் எடுத்து மறுபடி பார்த்தார். இரத்தச் சோதனை முடிவுகள் இயந்திரங்களின் நினைவகத்தில் இருந்தன. இரண்டு நாளில் எல்லா அறிக்கைகளும் புதிதாகத் தயாராயின. பக்தவத்சலத்துடையது முதலில் வந்தது. நிணநீர்க் கணுவில் புற்றுநோய்.

கிளினிக்குகளுக்கும் நோயாளிகளுக்கும் அழைத்துச் சொல்வதை அமுதவள்ளி தானே ஏற்றுக்கொண்டார். சிலர் திட்டினார்கள். சிலர் நன்றி சொன்னார்கள், அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. பன்னிரண்டு பேருக்கு எந்தக் கோளாறும் இல்லை. எட்டுப் பேர் அறிக்கையைத் திறக்க முடியாததால் வேறிடத்தில் மறுபடி இரத்தம் கொடுத்திருந்தார்கள். சுங்கை வே என்ற ஊரில் ஒரு பெண்ணுக்குச் சிறுநீரகம் கெட்டுக்கொண்டிருந்தது தெரியாமலே இருந்தது. அன்று மாலையே அவரை மருத்துவமனையில் சேர்த்தார்கள். இன்னொருவர் ஜூன் மாதமே இறந்துவிட்டார், மாரடைப்பு என்று மகன் சொன்னார். அவருடைய அறிக்கையில் இருந்ததற்கும் அதற்கும் தொடர்பு உண்டா என்று டாக்டரிடம் கேட்டபோது, சொல்ல முடியாது என்றுதான் பதில் வந்தது.

வீட்டில் கணவர் கார்த்திகேசு ஆறுதல் சொல்லிப் பார்த்தார். டிஸ்க் நிரம்பியது உன் குற்றமா, ஒரே ஆளிடம் எல்லாவற்றையும் விட்டது அவர்கள் குற்றம்தானே என்றார். அதில் நியாயம் இருந்தது. ஆனாலும் அமுதவள்ளிக்குச் சோறு இறங்கவில்லை.

செப்டம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஷாமினியிடம் அனுமதி கேட்டுக்கொண்டு காப்பாருக்குப் போனார். பக்தவத்சலத்துக்கு மருந்து ஏற்றத் தொடங்கியிருந்தார்கள். தலைமுடி கொட்டியிருந்தது. நாற்காலியில் சாய்ந்திருந்தவர் இவரை உட்காரச் சொன்னார். அந்த நாளில் என்ன நடந்தது, தான் எதைப் பார்க்காமல் விட்டோம் என்று அமுதவள்ளி ஒளிக்காமல் சொன்னார். ஷாமினி வாசல் பக்கம் பார்த்தபடி நின்றிருந்தார்.

"மார்ச்லயே தெரிஞ்சிருந்தா?" என்று கேட்டார் பக்தவத்சலம்.

"அப்பவே ஆரம்பிச்சிருந்தா இவ்ளோ பரவியிருக்காதுன்னு டாக்டர் சொன்னாங்க, அண்ணே."

அவர் தலையாட்டினார். "நேருல வந்து சொன்னீங்க. ஆனா எனக்கு ஒங்க மேல கோவம் இருக்கு. அது இருக்கட்டும்," என்றார். ஷாமினி தேநீர் கொண்டுவந்து வைத்தார். அமுதவள்ளி அதைக் குடித்துவிட்டுக் கிளம்பினார்.

விசாரணை இரண்டு மாதம் நடந்தது. அமுதவள்ளிக்கு எச்சரிக்கைக் கடிதம் கிடைத்தது. டிஸ்க் நிரம்பினால் எச்சரிக்கும் ஏற்பாடு வேண்டும் என்று அவர் மூன்று வருடம் எழுதிக் கேட்டிருந்த கடிதங்களும் அப்போது வெளிவந்தன. திருச்செல்வம் வேலையை விட்டுவிட்டார். சர்வரைப் பார்க்க இப்போது இரண்டு பேர் இருக்கிறார்கள்.

பக்தவத்சலத்துக்கு ஆறு சுற்று மருந்து முடிந்துவிட்டது. கட்டி சுருங்கியிருக்கிறது, முழுதும் போய்விட்டது என்று டாக்டர்கள் இன்னும் சொல்லவில்லை. லோரியை விற்றுவிட்டார். அடுத்த ஸ்கேன் எப்போது என்று கேட்டு அமுதவள்ளி மாதம் ஒருமுறை ஷாமினிக்குக் குறுஞ்செய்தி அனுப்புகிறார். சில மாதம் பதில் வருகிறது, சில மாதம் வருவதில்லை.