ஃப்ரிட்ஜின் முதுகுச் சூடு

வீட்டுக் கம்ப்யூட்டர் சூடாகி, கேம் பாதியில் நின்றுவிடும். அதனால் ஃப்ரிட்ஜுக்குள் தண்ணீர் டப்பா வைத்து, கதவு இடுக்கில் குழாய் விட்டு, குட்டி மோட்டாரால் அந்தக் குளிர்ந்த நீரைக் கம்ப்யூட்டருக்குள் ஓடவிட்டேன். வெப்பநிலை இறங்க இறங்க எனக்கு ஒரே பெருமை.

கரமனையில் எங்கள் வீட்டு அடுக்களை சின்னது. இரைந்துகொண்டே இருந்த ஃப்ரிட்ஜை ஒட்டித்தான் அம்மா உட்கார்ந்து காய் நறுக்குவாள்.

"இந்த மேட மாசத்து வெயில்ல என்னமோ சூடு ஜாஸ்தியா இருக்கு" என்று முந்தானையால் விசிறிக்கொண்டாள்.

நான் எஞ்சினியர். கம்ப்யூட்டரிலிருந்து எடுத்த சூட்டையெல்லாம் ஃப்ரிட்ஜ் அடுக்களையில்தான் கொட்டும் என்று எனக்குத் தெரியாதா? தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை, வெட்கங்கெட்டவன்.

ஒரு வாரத்தில் அம்மா அருவாமணையைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்படிக்குப் போனாள். போகிறபோது திரும்பிப் பார்த்து நிஜமான அக்கறையோடு கேட்டாள்:

"கம்ப்யூட்டருக்கு இப்போ சுகமா இருக்கோடா?"