அபராதம் என்று எழுதினேன்

ரப்பர்த் தோட்டத்தின் கடைத்தெருவில் எனக்குத் தினமும் காப்பி கொடுக்கிற மலாய்க்காரர் நாலு நாளாகக் கடை திறக்கவில்லை. அவருடைய தகப்பனார் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். ஐந்தாம் நாள் திறந்தார். துக்கம் விசாரிக்காமல் உட்கார்ந்து காப்பி குடிப்பது நம் வழக்கமா? எனக்குத் தெரிந்த இருநூறு மலாய்ச் சொற்களுக்குள் தேடி, "பாபா மாத்தி?" என்று கேட்டேன். அவர் முகம் சுருங்கிப்போயிற்று. கோப்பையைத் துடைத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னார்: "ஆயாம் மாத்தி. பாபா மெனிங்கால்." கோழி செத்தால்தான் மாத்தியாம், தகப்பன் காலமானால் மெனிங்காலாம். ஐந்து வருஷம் இங்கே இருந்தும் இது எனக்குத் தெரியாமல் போயிற்று. "உன் அப்பன் செத்தானா" என்று நம் ஊரில் யாரிடமாவது கேட்டிருந்தால் முதுகுத் தோல் மிஞ்சியிருக்காது. இந்த மனிதர் காப்பியும் கொடுத்தார், சீனியும் கூடுதலாகவே போட்டார்.

சொல் விஷயத்தில் நான் இப்படி வாங்கிக் கட்டிக்கொண்டேன் என்றால் என்னை அறிந்தவர்கள் நம்பமாட்டார்கள். நான் சேரன்மகாதேவிக்காரன். வயலெல்லாம் என் தகப்பனார் காலத்திலேயே கைமாறிப்போன சைவக் குடும்பம். கப்பலேறும் முன் நாங்குநேரித் தாலுகாக் கச்சேரி வாசலில் மனு எழுதிப் பிழைத்தேன். அங்கே சொல் எவ்வளவு உயரமோ அவ்வளவு மரியாதை. "கேட்டுக்கொள்கிறேன்" என்று எழுதினால் குமாஸ்தா காகிதத்தை மூலையில் போடுவார். "சமூகத்தில் சாஷ்டாங்கமாய்ப் பிரார்த்திக்கிறேன்" என்று எழுதினால் கொஞ்சம் நிமிர்ந்து பார்ப்பார். காணாமல்போன எருமைகூட என் மனுவில் மகிஷமாகத்தான் காணாமல்போகும். அந்தக் கையோடுதான் இந்தத் தோட்டத்துக்குக் கிராணியாக, அதாவது ஆபீஸ் குமாஸ்தாவாக, வந்து சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானங்களில் கூலியாட்கள் சொல்லச் சொல்ல அவர்கள் வீட்டுக்குக் கடிதம் எழுதித் தருவேன்.

போன வருஷம் மாடசாமி வந்து உட்கார்ந்தான். திசையன்விளைக்குப் பக்கத்துச் செம்மண் காட்டுக்காரன். பெண்டாட்டி பேச்சியோடு ஏதோ வாய்த்தகராறு. சந்தைக்குப் போய்வருவதாகச் சொல்லிவிட்டுக் தோட்டத்துக்கு ஆள் சேர்க்கிற கங்காணியின் வண்டியில் ஏறியவன், இரண்டு வருஷமாக ஒரு வரி எழுதவில்லை. "சொல்லாம வந்துட்டேன், தப்புதான். மனசுல வைக்காம இங்கன வரச்சொல்லி எழுதுங்க ஐயா" என்றான். நான் எழுதியது இது: "அறியாமையால் யாம் இழைத்த அபராதத்தை க்ஷமித்து, இக்கடிதம் கண்டவுடன் புறப்பட்டு வந்து சேரவும்." வாசித்துக் காட்டினேன். அவனுக்குப் பாதி புரியவில்லை. ஆனாலும் முகமெல்லாம் மலர்ந்துபோயிற்று. எனக்கும் பெருமைதான், மறைப்பானேன்.

இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. அவள் ஊரில் மளிகைக்கடை வைத்திருக்கும் அண்ணாச்சி யாரோ, சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருந்தார். "காயிதம் வந்துச்சு. இதை அவுக சொல்லலை. அபராதம், க்ஷமின்னெல்லாம் அவுக வாயில வராது. போன வருசம் பக்கத்து ஊருப் பிள்ளை ஒருத்தியை, புருசன் கூப்பிடுதான்னு இப்படித்தான் ஒரு காயிதத்தைக் காட்டி ஆள்கட்டுறவன் கூட்டிட்டுப் போனான். போன இடத்துல புருசனும் இல்லை, ஒருத்தரும் இல்லை. அவுக உசிரோட இருக்காகளா, அதை மட்டும் எழுதுங்க."

மாடசாமி தரையில் உட்கார்ந்துவிட்டான். "நான் செத்துட்டேன்னு நெனைச்சிட்டாளா ஐயா?" என்று கேட்டான். அவன் உயிரோடு என் முன்னால் இருந்தான். கடிதத்தில் அவனை இல்லாமல் ஆக்கியது என் எழுத்து. வெட்கமாக இருந்தது.

அந்த மத்தியானம் முழுவதும் இருவரும் ஒரு தாளோடு மல்லுக்கட்டினோம். அபராதத்தை அடித்தேன். குற்றம் என்றேன், "அது போலீசுக்காரன் சொல்லுதது" என்றான். பிழை என்றேன், அது பள்ளிக்கூடத்துச் சிலேட்டில் இருப்பது என்று எனக்கே பட்டது. கடைசியில் அவன் முதலில் சொன்ன தப்பையே எழுதினேன். எழுத்தில் அது சிறுத்துவிடும் என்று பயந்திருந்தேன், சிறுக்கவில்லை. அடுத்தது அவளைக் கூப்பிடுகிற சொல். "வரவும்" என்பது ஆபீஸ் நோட்டீஸ். "வா என்று எழுதட்டுமா?" என்றேன்.

"வான்னு கூப்பிட எனக்கு என்ன மூஞ்சி இருக்கு ஐயா."

"பின்னே வீட்டுல எப்படித்தாம்லே கூப்பிடுவ?"

வாசல் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டு சொன்னான். "கோயில் கொடைக்கோ, அவ அம்மை வீட்டுக்கோ பொறப்படணும்னா, வாசல்ல நின்னுக்கிட்டு 'போவமா'ம்பேன். அவ வந்துருவா."

"அவ அங்கன இருக்கா, நீ இங்கன இருக்க. போவமான்னா எப்படிலே?"

"அவளுக்குத் தெரியும், எழுதுங்க."

மனு எழுதிய கை கூசியது. ஆனாலும் எழுதினேன்: "சந்தைக்குன்னு சொல்லிட்டு வந்தது தப்புதான். பேச்சி, போவமா?" வேறு ஒன்றும் வேண்டாம் என்றுவிட்டான். என் ஆயுளில் எழுதிய கடிதங்களில் இவ்வளவு சின்னது வேறில்லை. அதைத் தபாலில் போட்டபின் பதில் வரும்வரை அவன் சரியாகச் சாப்பிடவில்லை. நானும்தான் என்றால் சிரிக்காதீர்கள்.

போன வாரம் பதில் வந்தது. "அவுகதான். இருக்காக. ஆனா போவமாங்கிறதைக் காயிதத்துல கேக்கப்படாது. இங்கன வந்து எம் மூஞ்சியைப் பார்த்துக் கேக்கச் சொல்லுங்க. கேட்டா எங்கன வேணும்னாலும் வாரேன்." மூன்று தரம் வாசிக்கச் சொன்னான். மூன்றாம் தரம் வாசிக்கையில் அழுதான். அன்று சாயங்காலமே துரையிடம் வேலையை விடுவதாகச் சொல்லிவிட்டான். நாளைக் கப்பலில் நாகப்பட்டினம் போகிறான்.

அவனிடம் கொடுத்தனுப்ப நேற்று என் மனைவி சிவகாமிக்கு எழுத உட்கார்ந்தேன். ஐந்து வருஷமாக அவளுக்கு நான் எழுதுவதெல்லாம் "இவ்விடம் க்ஷேமம், அவ்விடத்து க்ஷேமத்துக்கு எழுதவும்" என்பதுதான். சேரன்மகாதேவியில் ஆற்றில் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு அடுக்களையில் நின்று அவளிடம் பேசியவன் ஒருநாளும் க்ஷேமம் என்று சொன்னதில்லை. அவளும் என்னை யாரோ என்றுதான் இத்தனை நாளும் வாசித்தாளோ என்று தோன்றியது. க்ஷேமத்தை விட்டுவிட்டு, பேசுவதுபோலவே எழுதினேன்: இங்கே மழை விடவில்லை, உன் கை ரசம் நினைவுக்கு வருகிறது, எனக்கு உன்னைப் பார்க்கவேண்டும். கையெழுத்துப் போடுமுன் திரும்ப வாசித்தேன். கடைசி வரியில் "தைக்கு ஊருக்கு வருகிறேன்" என்று எழுதத்தான் நினைத்தேன். கை "போகிறேன்" என்று எழுதியிருந்தது. தோட்டத்தில் நாங்கள் எல்லோரும் ஊருக்குப் போகிறேன் என்றுதான் சொல்கிறோம். அதை ஒரு கோடு போட்டு அடித்து, மேலே "வருகிறேன்" என்று எழுதினேன். கோட்டுக்குக் கீழே மற்றச் சொல்லும் நன்றாகத் தெரிந்தது. வேறு தாள் எடுக்க மனம் வரவில்லை. அப்படியே மடித்து மாடசாமி கையில் கொடுத்துவிட்டேன்.