கரி பஸ்ஸும் என் கெமிஸ்ட்ரி பாடமும்

யுத்த காலத்தில் பெட்ரோல் கிடைக்காமல், பூந்தமல்லியிலிருந்து பட்டணம் போகும் பஸ்கள் கரியில் ஓடின. பஸ்ஸின் பின்புறம் ஆளுயரத்துக்கு ஓர் இரும்பு அடுப்பு. அதில் மரக்கரியைக் கொட்டி, விசிறியைக் கையால் சுற்றிக் கனலவைத்தால், கிளம்பும் வாயுவில் இஞ்சின் ஓடும். சுற்றுகிற வேலை என் அண்ணனுக்கு. அவன் சுற்றியதால்தான் நான் ஹைஸ்கூலுக்குப் போனேன். இதை ஒப்புக்கொள்ளவே எனக்கு இத்தனை வருஷம் ஆயிற்று.

வீட்டுக்கு வந்ததும் தலையைப் பிடித்துக்கொண்டு படுத்துவிடுவான். அம்மா சுக்கு அரைத்துக் கொடுப்பாள். நான் அவன் நெற்றியில் பற்றுப் போட்டபடியே, மடியில் புத்தகத்தை வைத்துக் கார்பன் பாடத்தை உருப்போடுவேன். கார்பன் மோனாக்ஸைடு: நிறமில்லை, மணமில்லை, கொடிய விஷம், காற்று போதாமல் கரி எரிந்தால் உண்டாகும். அத்தனையும் இங்கிலீஷில்.

"இன்னாடா அது, மந்திரம் மாதிரி கீது?"

"அதெல்லாம் உனக்குப் புரியாது, அண்ணாத்தே."

எனக்கு மட்டும் என்ன புரிந்து கிழித்தது! புத்தகத்தில் சீமையிலுள்ள இரும்பு உலைகளைப் பற்றி இருந்தது. எங்கள் ஊர் பஸ்ஸைப் பற்றி ஒரு வரி இல்லை. வாத்தியாரும் அதே பஸ்ஸில் வந்து இறங்கி, போர்டில் சமன்பாட்டை எழுதிப் போட்டுவிட்டுப் போவார்.

ஐப்பசி அடைமழை. ஒரு மத்தியானம் பஸ்ஸைத் தகரக் கொட்டகையில் விட்டு, சாரல் அடிக்கிறதென்று கதவைச் சாத்தி, தணல் அணையாமல் பார்த்துக்கொள்ள அண்ணன் அதன் பக்கத்திலேயே படுத்திருக்கிறான். மழை விட்டதும் டிரைவர் போய் எழுப்பினார். அவன் எழுந்திருக்கவில்லை.

ஊர் கூடிவிட்டது. உடம்பில் ஒரு காயமில்லை. உதடுகள் மட்டும் வெற்றிலை போட்டவன்போல் சிவந்திருந்தன. "முனி அட்ச்சிட்சு" என்றார்கள். நான் அந்த உதடுகளைப் பார்த்தேன். இந்த வாயு ரத்தத்தில் கலந்தால் ரத்தம் பளீரென்று சிவக்கும் என்ற வரி ஞாபகத்துக்கு வந்தது. அன்றைக்குத்தான் அதன் அர்த்தம் எனக்குத் தமிழில் விளங்கியது. என்மேல் எனக்கு வந்த வெறுப்பு இன்றும் தீரவில்லை.

கூட்டம் கலைந்ததும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ படிச்சவனாச்சே. முனின்றாங்களே, நெஜமாடா? இன்னாத்தாலடா செத்தான் எம்புள்ள?"

உண்மையைச் சொன்னால், இதை முன்னாடியே ஏன் சொல்லவில்லை என்று கேட்பாள்.

"முனிதாம்மா" என்றேன்.